மாற்றல் கடிதத்தில் என் பெயர் இருந்ததில்லை

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில், மிஷனெரியான என் கணவருக்கு அவருடைய இயக்கம் அனுப்பிய நான்கு மாற்றல் கடிதங்கள் இருக்கின்றன. நான்கும் "கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதரருக்கு" என்றுதான் தொடங்கும். இன்ன தேதியிலிருந்து இன்ன பொறுப்பு, இன்ன ஊர், கர்த்தர் உங்களோடிருப்பாராக. ஒவ்வொரு கடிதத்துக்கும் சாமான் கட்டியது நான், கடைக்காரருக்குக் கணக்குத் தீர்த்தது நான், காய்ச்சலோடு இருந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ரயிலில் உட்கார்ந்திருந்தது நான். ஒன்றிலும் என் பெயர் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறையாகத்தான் சொல்கிறேன்.

1991 செப்டம்பரில் எங்கள் கல்யாணம். 1992 ஜனவரியில் பீகாருக்குக் கிளம்பினோம். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கத்தில் தேரிமணல் கிராமம் என்னுடையது. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு அப்புறமும் ஒருமுறை விடுப்பில் வந்தபோது இவருக்குத் தெரியாமல் போய்ப் புதுப்பித்தேன். ஊழியத்துக்கான அழைப்பு அவருக்கு வந்தது, எனக்கு வந்ததா என்று அப்போது எனக்கே நிச்சயமில்லை.

நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து கோரமண்டலில் ஹவுரா, பிறகு இன்னொரு வண்டியில் பர்ஹர்வா. அம்மா போட்டுக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் கண்ணாடி பாட்டிலில் இருந்தது. கீழ் பெர்த்துக்கு அடியில் உருண்டு உடைந்து, எண்ணெய் முழுக்க மெத்தைச் சுருளில் இறங்கிவிட்டது. அந்த மெத்தையில்தான் மூன்று வருஷம் படுத்தோம். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் வீடே நார்த்தங்காய் மணக்கும். ஊர் ஞாபகத்தில் அழுதேனா, காரத்தில் கண் எரிந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ராஜ்மஹால் குன்றுகளில் மலை உச்சியில் ஒரு கிராமம். அப்போது பீகார், சாகிப்கஞ்ச் மாவட்டம். 2000 நவம்பர் 15-க்குப் பிறகுதான் ஜார்க்கண்ட். மக்கள் பஹாரியாக்கள் என்ற பழங்குடியினர். சோளமும் தட்டாம்பயறும் விதைப்பார்கள். அந்தப் பயறுக்கு அங்கே பர்பட்டி என்று பெயர். அறுவடைக்கு முன்னாலேயே அது வட்டிக்குக் கொடுக்கிற மகாஜனுக்குச் சொந்தமாகிவிடும், கடன் அப்படி. தண்ணீருக்கு மலையடிவாரத்து ஊற்றுக்கு இறங்க வேண்டும். இறங்குவது சுலபம், நிறைகுடத்தோடு ஏறும்போது முதல் மாதம் பாதித் தண்ணீர் என் சேலையிலேயே வந்து சேர்ந்தது.

அவர்கள் பேசும் மால்தோ திராவிட மொழி. நம் இடையன்குடி கால்டுவெல் ஐயர் தன் ஒப்பிலக்கணத்தில் ராஜ்மஹால் மொழியையும் திராவிட வரிசையில் சேர்த்திருக்கிறார் என்று இவர் ரயிலிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். 1884-இல் ட்ரோசி என்ற ஜெர்மானிய மிஷனெரி எழுதிய மால்தோ இலக்கணத்தின் ஜெராக்ஸ் கையில். அதை அவர் மேசையில் வைத்துப் படித்தார். நான் ஊற்றங்கரையில் படித்தேன். தண்ணீர் அமு, கண் கணு. "நாங்கள்" என்பதற்கு ஏம், "நாம்" என்பதற்கு நாம்தான், மாற்றமே இல்லை. இந்தியில் இந்த வித்தியாசம் கிடையாது, எல்லாமே ஹம். மூன்றாவது மாதம், "நாங்கள் மழைக்காக ஜெபிப்போம்" என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். ஒரு கிழவி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஏம் இல்லை, நாம்" என்று திருத்தினாள். உன் சோளமும் காய்ந்துதானே கிடக்கிறது என்று கையைக் காட்டினாள். அந்த ஆண்டு எங்கள் வீட்டுக் கொல்லையில் நானும் சோளம் போட்டிருந்தேன்.

புதிதாகப் போகிறவர்களுக்கு இதை நான் அடித்துச் சொல்வேன். மொழி கற்க அவருக்கு இயக்கம் ஆறு மாதம் நேரம் கொடுக்கும். உங்களுக்குக் கொடுக்காது. அடுப்புக்கும் ஊற்றுக்கும் நடுவில் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் விட்டுவிட்டால் பிறகு பிள்ளை பிறந்துவிடும், உடைந்த இந்தியிலேயே வாழ்க்கை ஓடிவிடும். என்னோடு வந்த ஒரு சகோதரி 15 வருஷம் அப்படித்தான் இருந்தாள். நல்லவள், உழைப்பாளி. யாரும் அவளிடம் ஒரு ரகசியம் சொன்னதில்லை.

அந்த முதல் ஐந்து வருஷம் இவர் கிராம ஊழியர். எனக்கு வேலை என்னவென்று யாரும் சொல்லவில்லை. அதனால் எல்லாமே என் வேலை. காலையில் பெண்களுக்கு எழுத்து, மாலையில் மருந்துப் பெட்டி. மலேரியா வராத வீடு இல்லை. அதைவிடப் பொல்லாதது காலா அசார். மணல் ஈ கடித்து வருவது. வாரக்கணக்கில் காய்ச்சல், மண்ணீரல் வீங்கி வயிறு பானை மாதிரி நிற்கும், உடம்பு கருத்து இளைத்துவிடும். அப்போதைய வைத்தியம் இருபது, முப்பது நாள் விடாமல் ஊசி. மலையிலிருந்து ஆளைக் கட்டிலில் கட்டிச் சுமந்து இறக்கி, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு மாதம் தங்கவைக்க வேண்டும். தங்கினால் வயலை யார் பார்ப்பது? பத்து ஊசியில் காய்ச்சல் நின்றதும் எழுந்து போய்விடுவார்கள். ஆறு மாதத்தில் திரும்பி வரும். காய்ச்சல் மாத்திரை கொடுப்பதோடு என் எல்லை முடிகிறது, அதற்கு மேல் கீழே அனுப்புவதுதான் என் வேலை என்று புரிய எனக்கு இரண்டு சாவு தேவைப்பட்டது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

1997-இல் இரண்டாவது கடிதம். இவரைப் பணித்தளப் பொறுப்பாளராக்கி, மலையிலிருந்து கீழே டவுனுக்கு வரச் சொல்லி. கடிதம் வந்து ஒன்பது நாள் கழித்துத்தான் நான் பார்த்தேன். அவர் சொல்லிப் பார்க்கவில்லை. பைபிளைத் தூசி தட்டும்போது எரேமியாவுக்குள்ளிருந்து விழுந்தது. மகனுக்கு நாலு வயது, மகள் கைக்குழந்தை. முந்தின வாரம்தான் பூசணி விதை ஊன்றி, வேலி கட்டியிருந்தேன்.

"ஏங்க, எப்போ சொல்றதா இருந்தீங்க?"

"ஜெபிச்சிட்டு சொல்லலாம்னு இருந்தேன்."

"என்னையும் சேத்துக்கிட்டு ஜெபிச்சிருக்கலாமே?"

அவர் பதில் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. முடிவான பிறகு வீட்டில் சொன்னால் போதும் என்று அவருடைய அப்பா, தாத்தா இருவரையும் பார்த்து வளர்ந்தவர். இருவருமே உபதேசியார்கள். ஆனால் அந்த ஒன்பது நாளும் நான் வேலி கட்டிக்கொண்டிருந்ததைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை மறக்க எனக்கு நாளாயிற்று. அன்றைக்கு ஓர் ஒப்பந்தம் போட்டோம். கடிதம் எதுவானாலும் உறை கிழிக்காமல் வீட்டுக்கு வர வேண்டும், இருவரும் இருந்துதான் பிரிக்க வேண்டும். அதற்குப் பின் வந்த எல்லாவற்றையும் அப்படித்தான் பிரித்தோம். தொலைபேசி வந்த பிறகு கொஞ்சம் சிரமம்தான். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று அலுவலகத்தில் சொல்ல அவர் இரண்டு வருஷம் வெட்கப்பட்டார்.

பொறுப்பாளர் வேலை அவருக்குப் பொருந்தவில்லை. மலை மலையாக நடந்து, எவன் வீட்டுத் திண்ணையிலும் படுத்துத் தூங்குகிற மனுஷனை நாற்காலியில் உட்காரவைத்து வவுச்சர் எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? ஊழியர் ஒருவர் அறிக்கை தாமதமாக அனுப்பினால், கேட்டு வாங்காமல் இவரே அந்தக் கிராமத்துக்கு நடந்து போய் அந்த வேலையையும் செய்துவிட்டு வருவார். முதல் பொறுப்பில் எது அவருடைய பலமோ அதுவே இங்கே இடைஞ்சல். ஒரு வருஷம் கழித்து மூத்த ஊழியர் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார்: "தம்பி, நீங்க நல்ல ஊழியர். அதனாலதான் உங்களுக்குக் கீழ இருக்கிறவங்க யாரும் நல்ல ஊழியரா ஆக மாட்டேங்கிறாங்க." இவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

என் பக்கம், வீடு சத்திரமாகிவிட்டது. மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறவர்கள், மாதக் கூட்டத்துக்கு வருகிற ஊழியர்கள், ஊரிலிருந்து பணித்தளம் பார்க்க வருகிற ஜெபக்குழுக்காரர்கள். சராசரி நாளில் பதினான்கு பேர் சாப்பாடு. உதவித்தொகை மாதம் ஆயிரத்துச் சொச்சம். அந்த வருஷம் டிசம்பரில் பலசரக்குக் கடைக்கு நாங்கள் கொடுக்க வேண்டிய பாக்கி மூன்று மாத உதவித்தொகைக்கு மேல் நின்றது. எங்கே போயிற்று என்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இடது பக்கம் எங்கள் வீடு, வலது பக்கம் வந்தவர்கள். ஒவ்வொரு வேளையும் சமைக்கும் முன் அரிசியைப் படியால் அளந்து, எத்தனை இலைக்கு என்று பிரித்து எழுதுவேன். பருப்பு, எண்ணெய், விறகு, சோப்பு கூட. மூன்று மாதம் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது வலது பக்கம் இடது பக்கத்தைப் போல இரண்டரை மடங்கு. அந்த நோட்டை அப்படியே வருஷாந்தரக் கணக்குக் கூட்டத்துக்கு இவர் கையில் கொடுத்தனுப்பினேன். உபசரிப்புக்குத் தனித் தொகை என்ற ஒரு வரி அதற்குப் பிறகுதான் எங்கள் பணித்தள பட்ஜெட்டில் ஏறியது. ஊரில் ஒவ்வொரு வேளையும் உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி அரிசியை மிஷனெரிக்கென்று எடுத்து வைக்கிற பெண்களின் காசுதான் எங்களுக்கு வருகிறது. அந்த அரிசிக்குக் கணக்கு வைப்பதில் அவிசுவாசம் ஒன்றுமில்லை. ஊழியக்காரன் வீட்டில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று யாராவது சொன்னால், அவர்கள் வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

1998 ஜூனில் மகனை நெல்லைப் பக்கம் மிஷனெரி பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்த்தோம். ஐந்து வயது. அங்கே தமிழ், படிப்பு, பாதுகாப்பு எல்லாம் உண்டு, எங்கள் பக்கம் ஒன்றுமில்லை. நியாயம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இன்லேண்டு லெட்டர் போய்ச் சேரப் பத்து, பன்னிரண்டு நாள். அவன் "எனக்குப் பல் ஆடுது" என்று எழுதியது என் கைக்கு வரும்போது பல் விழுந்து முளைக்கத் தொடங்கியிருக்கும்.

1999 ஜனவரி 22 நள்ளிரவு, ஒரிசாவில் மனோகர்பூர் கிராமத்தில் கிரகாம் ஸ்டெயின்ஸ் அவர்களும் அவருடைய இரண்டு மகன்களும் வண்டிக்குள் தூங்கும்போது எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிலிப்புக்கு 10 வயது, தீமோத்தேயுவுக்கு 6. எங்கள் வீட்டில் ரேடியோ செய்தி கேட்ட அன்றைக்கு இவர் மலையில் இருந்தார். ராத்திரி மகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து அத்தை எழுதினார்கள்: "நல்லவேளை, பேரன் உங்களோட இல்ல." என் மனசும் அப்படித்தான் சொன்னது. அதே மனசு, அந்த அம்மாவின் பிள்ளைகள் விடுமுறைக்கு அப்பாவோடு இருக்க ஆசைப்பட்டுத்தானே போயிருப்பார்கள் என்றும் சொன்னது. கிளாடிஸ் அம்மா கொன்றவர்களை மன்னித்ததாகச் சொல்லி, பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். அது அவர்களால் முடிந்தது. என்னால் முடியுமா என்று யாரும் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்த ஏப்ரலில் மகன் விடுமுறைக்கு வந்தான். மற்றப் பிள்ளைகளோடு ஒரு ஊழியர் ஹவுரா வரை கூட்டி வந்தார். வீட்டுக்குள் வந்து, செருப்பைச் சுவரோரம் ஒழுங்காக வைத்துவிட்டு, பானைப் பக்கத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்: "ஆன்ட்டி, தண்ணி குடிக்கலாமா?"

அவன் தவறிச் சொன்னதுதான். உடனே நாக்கைக் கடித்துச் சிரித்தான். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

விடுதியில் விட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன். மகள் 2001-இல் போகும்போது சிலதை மாற்றினோம். அவள் போவதற்கு முந்தின விடுப்பிலேயே இருவரும் போய் விடுதியில் ஒரு வாரம் அவளோடு தங்கினோம். வாரம் ஒரு கடிதம் என்று இருந்ததை, வாரம் ஒன்று அவள் அப்பா கையெழுத்தில், ஒன்று என் கையெழுத்தில் என்று ஆக்கினோம். கடிதத்தில் புத்திமதி கூடாது, நாய் குட்டி போட்டது, கூரை ஒழுகியது, இது மாதிரிதான். விடுமுறை மாதத்தில் இவர் கூட்டம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, ஒரே ஒரு வருஷம் தவிர. அந்த ஒரு வருஷத்தை மகன் இன்னமும் சொல்லிக்காட்டுகிறான்.

இடையில் ஒரு காகித விஷயம். அங்கே பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இந்தியில் கொடுத்தார்கள். அப்பா பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார். இருபது வருஷம் கழித்து பாஸ்போர்ட்டுக்குப் போனபோது அந்த ஒரு எழுத்துக்காக இவர் இரண்டு முறை ஜார்க்கண்டுக்கு ரயில் ஏறினார். சான்றிதழ் வாங்கும் அன்றே எழுத்துக்கூட்டிப் பாருங்கள். ஊர் ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் இதெல்லாம் விடுப்பில் வரும்போதே வாங்கிவிடுங்கள், கல்லூரி விண்ணப்பத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்காதீர்கள்.

2004-இல் இவருக்கு குருப்பட்டம். இறையியல் படிக்கப் போன காலத்தில் நான் பணித்தளத்தில் தனியாக இருந்தேன், அது வேறு கதை. அங்கி போட்டதும் மூன்றாவது கடிதம், பொறுப்பு மறுபடி மாறியது. பதினொரு கிராமச் சபை. ஞானஸ்நானமும் திருவிருந்தும் குருவானவர்தான் கொடுக்க வேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை என்பது எங்கள் வீட்டில் அவர் இல்லாத நாள். கிறிஸ்துமஸ் இரவு ஆராதனை ஒரு மலையில், காலை ஆராதனை இன்னொரு மலையில். எட்டு கிறிஸ்துமஸ் மத்தியானச் சோறு நானும் பிள்ளைகளும் மட்டும் சாப்பிட்டோம். ஒன்பதாவது வருஷத்திலிருந்து எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் 27-ஆம் தேதி. பிள்ளைகள் கல்யாணம் கட்டிய பிறகும் அப்படித்தான், சம்பந்திமார் வேடிக்கையாகப் பார்க்கிறார்கள்.

குருப்பட்டம் என்னையும் மாற்றியது. அதுவரை ஊற்றங்கரையில் எனக்குத் தெரியாத சண்டை கிடையாது. "பாஸ்டர் தீதி" (தீதி என்றால் அக்கா) ஆன பிறகு, நான் போனால் பேச்சு நின்றது. புருஷன் குடிக்கிறான் என்று முன்பு திட்டிக்கொண்டே சொன்னவள், இப்போது "ஜெபியுங்கள் தீதி" என்று தலைகுனிந்து சொன்னாள். எனக்கு மரியாதை கூடியது, செய்தி குறைந்தது. இதற்கு நான் வழி எதுவும் கண்டுபிடிக்கவில்லை. பர்பட்டி உரிக்கும் நாட்களில் மட்டும் கூடவே உட்கார்ந்து உரிப்பேன், கை வேலையாக இருக்கும்போது வாய் கொஞ்சம் பழையபடி திறக்கும்.

நான்காவது கடிதம் 2013-இல். தமிழ்நாட்டுக்குத் திரும்பி, புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பொறுப்பு. இந்த முறையும் உறையைச் சேர்ந்துதான் பிரித்தோம். பிரித்ததும் நான் அழுதேன், வருவதற்கு அழுத அதே அளவு. நாங்கள் இருந்த வீட்டுக்கு ஒரு பஹாரியா போதகர் குடும்பம் வரவேண்டும். அவர் மனைவிக்கு முதல் எழுத்து நான் சொல்லிக்கொடுத்தது. ஆறு மாதம் கைமாற்றம் என்று வைத்திருந்தார்கள். முதல் இரண்டு மாதம் நான் செய்ததைப் பார், அடுத்த இரண்டு மாதம் சேர்ந்து செய்வோம், கடைசி இரண்டு மாதம் நீ செய், நான் திண்ணையில் இருக்கிறேன் என்று பிரித்துக்கொண்டோம். அந்தக் கடைசி இரண்டு மாதம்தான் கடினம். பெண்கள் கூடுகையில் அவள் பாட்டை நிறுத்திவிட்டு விதைக்கடன் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம். பைபிள் பக்கமே வரவில்லை. எழுந்து வாயைத் திறக்கப் போனேன். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். ஊழியர் வேலையை எல்லாம் தானே ஓடிப் போய்ச் செய்த மனுஷன்.

மகாஜனிடம் போகாமல் ஆளுக்கு ஒரு படி விதைப்பயறு போட்டு வைக்கிற பானை அந்தக் கூடுகையில் தொடங்கியது. இருபது வருஷம் நான் நடத்திய கூடுகையில் அது தொடங்கவில்லை. கிளம்பிய பிறகு ஒரு வருஷம் அந்தப் பக்கம் போகவும் கூடாது, போன் செய்யவும் கூடாது என்று எங்களுக்கு நாங்களே விதித்துக்கொண்டோம். அவள் கூப்பிட்டால் எடுக்கலாம். அவள் நாலு மாதம் கூப்பிடவில்லை.

ஊருக்கு வந்த பிறகு நான் அடுத்தவர் வீட்டில் இருப்பது போலத்தான் இருந்தேன். தேங்காய் விலை தெரியவில்லை. மாமாவுக்குக் காது போயிருந்தது, அத்தைக்கு நினைவு தப்பியிருந்தது. மூத்தார் குடும்பம் இருபது வருஷம் அவர்களைப் பார்த்துக்கொண்டதற்கு நாங்கள் எப்போதாவது நன்றி சொன்னோமா என்பதே நினைவில்லை. அவர்களுடைய ஜெபத்தைக் கேட்டு வாங்கினோம், அது தெரியும். இப்போது முறை எங்களுடையது. பயிற்சி வகுப்பு நாட்களில் இவர் போவார், மற்ற நாள் நான் போவேன், அத்தையைத் தனியாக விடுவதில்லை.

பொறுப்பில் சேரும் முன் இவர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், எனக்கே சொல்லாமல். இந்த ஒன்றை மன்னித்துவிட்டேன். நியமனக் கடிதத்தில் மனைவி பெயரையும் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும், பயிற்சியில் பாதி அவளுக்குத்தான் தெரியும் என்று. மூன்று வாரத்தில் திருத்திய கடிதம் வந்தது. "கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதரருக்கும் குடும்பத்தாருக்கும்."

இருவரும் வெகுநேரம் சிரித்தோம். அதையும் பெட்டியில் போட்டுவிட்டேன்.

பயிற்சியில் பெண்களுக்கென்று எனக்குச் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்து, நடுவில் கோடு போடச் சொல்வேன். போன மாதம் ஒரு பெண், கல்யாணமாகி ஐந்து வாரம், நான் காலா அசார் பற்றிச் சொல்லி முடித்ததும் கை தூக்கினாள். மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, ஊறுகா எத்தனை பாட்டில் கொண்டு போகலாம்?"

"நாலு," என்றேன். "கண்ணாடி வேண்டாம். மெத்தைச் சுருளுக்குப் பக்கத்தில் வைக்காதே."

அவள் நோட்டின் இடது பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.